என்னைத் தெரியாத ஆளு

கையப் பாக்கிய, இல்லையா? பாருங்க, தப்பில்ல. அது பல்லு பட்ட தடம். என் பல்லு இல்ல, அடுத்தவன் பல்லு. நாலு மாசம் ஆச்சு, இன்னும் போகல. நல்லா உக்காருங்க தங்கச்சி. அந்தப் பைய இங்கன தாங்க, நான் மடியில வச்சிக்கிடுதேன். அட, தாங்கங்கேன். களவாண்டுட்டா ஓடப்போறேன்?

எங்க இறங்கணும்? தென்காசியா. அங்கன சொந்தக்காரவுக இருக்காவளா? வேலைக்குப் புதுசாப் போறியளா! அப்பம் இந்த ரோட்டுல ஒரு ஊரும் பழக்கமில்ல. ஆலங்குளம் தாண்டி மூணுபனை விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு, அங்கன ஒருத்தரையும் தெரியாது? ஒருத்தரையுமா? என் பேரு ஆவுடை. கேள்விப்பட்டிருக்கியளா? இல்லைல்லா? நல்லது. ரொம்ப நல்லது. சும்மாதான் கேட்டேன்.

மூணுபனை விலக்குல நமக்கு ஒரு புரோட்டாக் கடை இருக்கு. எந் தம்பி சொரிமுத்துதான் மாஸ்டர். சால்னா, கல்லாப்பெட்டி, சண்டை, இது மூணும் நான். நாப்பத்தொரு வயசு அவனுக்கு, கல்யாணம் இல்ல. எங்கம்மை சாகும்போது அவனுக்கு ஏழு, எனக்குப் பதினாறு. அடிச்சுத்தான் வளத்தேன். பள்ளிக்கூடம் போகலையா, அடி. பீடி குடிச்சானா, அடி. புரோட்டா பழக மாட்டேன்னு அழுதான், கல்லுல திருப்புத சட்டுவத்தாலயே குடுத்தேன் நாலு. இன்னைக்கு நாலு ஊருல அவனை மாதிரி வீச்சு வீசுறதுக்கு ஆளு இருக்கா? புரோட்டாவும் அப்படித்தான தங்கச்சி? மாவை அறைஞ்சு அறைஞ்சு பிசையணும். கல்லுல இருந்து எடுத்த பெறவும் நாலஞ்ச அடுக்கி வச்சு ரெண்டு கையாலயும் ஓங்கித் தட்டணும். தட்டுனாத்தான் இதழ் இதழா விரியும். சும்மா விட்டா சப்பாத்தி மாதிரி சவமாக் கெடக்கும்.

என் புருஷனா? அவரு கேரளாவுக்குப் போனாரு, திரும்பல. அடிக்கதுக்கு எனக்குக் கை கொஞ்சம் நீளம்னு ஊருல சொல்லுவாவ. அது கெடக்கட்டும்.

போன வைகாசில, எங்க ஊருக்காரன் தங்கப்பழம் மகளுக்குக் காது குத்துனான். பவிஷான்னு ஆறு வயசுப் புள்ள. முந்நூறு பேருக்குப் புரோட்டாவும் சால்னாவும் நம்ம கடைதான். மத்தியானம் எல்லாரும் நல்லாத் தின்னாவ. நாலு மணிக்கு ஒரு புள்ள வாந்தி எடுத்துச்சு. அஞ்சு மணிக்குப் பாத்தா பதினேழு புள்ளைய. பவிஷாவத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாவ. அந்நேரம் எவனோ ஒருத்தன், எவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, தெரிஞ்சா இந்த பஸ்ஸ நிப்பாட்டி இறங்கிப் போய் மிதிப்பேன், சால்னால பல்லி கெடந்துச்சுன்னு கெளப்பி விட்டுட்டான்.

அம்புட்டுதான். தங்கப்பழம் வந்தான், அவன் மச்சினமாரு வந்தானுவ. சால்னா அண்டாவை எத்திக் கவுத்தானுவ. பந்தக் கம்பப் பிடுங்கி எந் தம்பி முதுகுல சாத்துனானுவ. நான் பின்னால பாத்திரம் கழுவிக்கிட்டு நின்னேன், சத்தம் கேட்டு ஓடியாந்தேன். ஒருத்தன் தலைமுடியப் பிடிச்சு இழுத்து மண்ணுல போட்டேன். ஒருத்தன் விரலைக் கடிச்சேன், எலும்பு வரைக்கும் போச்சு. ரெண்டு பேரு என்னைய அமுக்கிப் பிடிச்சானுவ, அப்பமும் காலால எத்துனேன்.

ஆனா இவன்? இவன் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான் தங்கச்சி. ஒரு அடியத் தடுக்கல. மூக்குல இருந்து ரத்தம் ஒழுகுது, சட்டையெல்லாம் சால்னாவும் ரத்தமும். தங்கப்பழம் செருப்பக் கழத்திக் கன்னத்துல மாறி மாறி அடிக்கான். இவன் சொல்லுதான், “அடிங்கண்ணே, அடிக்க வேண்டியதுதான்.” அவனுவ அடிச்சதுகூட எனக்குப் பெருசில்ல. இந்தச் சொல்லுதான் பெருசு.

அன்னைக்கு உக்காந்தவன்தான். இன்னும் எந்திரிக்கல.

இல்ல இல்ல, காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்பமெல்லாம் கடைக்கு வருவான், மாவு பிசைவான், வீசுவான். ஆனா ஆளு உள்ள இல்ல. சோறு வச்சா ரெண்டு வாய். குளிக்கச் சொன்னா சுவரைப் பாத்துக்கிட்டு நிப்பான். கேட்டா, “என் கை விஷம்க்கா. புள்ளையள விஷம் வச்சுட்டேன்”ங்கான்.

விஷமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. சுகாதார ஆபீசுல அண்டாவுல ஒட்டியிருந்த சால்னாவையும் தண்ணியையும் எடுத்துட்டுப் போய்ப் பாத்தாவ. ரோஸ்மில்க் கலக்க லாரித் தண்ணி வாங்கியிருக்கான் தங்கப்பழம், கோளாறு அதுல. சால்னால ஒண்ணுமில்லன்னு பேப்பர்ல எழுதி, சீல் போட்டுக் குடுத்துட்டாவ. பதினேழு புள்ளையும் மூணு நாள்ல எந்திரிச்சு விளையாடுது. நான் அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன். எலே சொரிமுத்து, இந்தா பாரு, நீ ஒண்ணும் செய்யலடான்னேன்.

அவன் பேப்பரைப் பாக்கல. என்னையப் பாத்தான். “நீ ஆபீசுக்குப் போனியாக்கா?”

“போனேன்.”

“ஆபீசர் சட்டையப் பிடிச்சியா?”

“பிடிச்சேன். பின்ன, இழுத்தடிச்சாவன்னா கொஞ்சவா செய்வாவ?”

“அப்பம் அவரு வேற என்னத்த எழுதுவாரு?”

நான் சட்டையப் பிடிச்சது புதன்கிழமை தங்கச்சி. பேப்பர்ல தேதி செவ்வாய்க்கிழமை. சீலும் செவ்வாய்க்கிழமை. காட்டுனேன். விரல வச்சு வாசிச்சான். “தேதிய மாத்திப் போட்டிருப்பாவ”ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான். இதுக்கு என்ன சொல்லுவிய? எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பேப்பரை அவன் வாயில திணிச்சேன். மென்னு முழுங்குடா, அப்பமாவது உள்ள போகட்டும்னேன். துப்புனான். கிழிஞ்சத நான்தான் பொறுக்கி ஒட்டி வச்சேன்.

பெறவு தங்கப்பழம் வந்தான். வாழைப்பழமும் வெத்தலையும் தட்டுல வச்சு, கண்ணுல தண்ணியோட, “தம்பி, தெரியாம அடிச்சுட்டேன், மனசுல வச்சுக்கிடாத”ன்னு கையப் பிடிச்சான். ஊரே பாத்துச்சு. அவன் போன பெறவு இவன் கேக்கான், “அவர என்னக்கா செஞ்ச?”

நான் ஒண்ணும் செய்யல தங்கச்சி. சத்தியமாச் சொல்லுதேன், தொடக்கூட இல்ல. அவன் வீட்டு வாசல்ல அருவாமனையப் போட்டு உக்காந்து வெங்காயம் வெட்டுனேன், அம்புட்டுதான். மூணு நாளு வெட்டுனேன். வாசல் அவனுதுன்னாலும் ரோடு பொதுதான?

சரி, புள்ளையவே பாத்தா நம்புவான்னு பவிஷாவக் கூட்டியாந்தேன். அவன் கண்ணு முன்னால உக்கார வச்சு, அவன் போட்ட புரோட்டாவையே பிச்சுப் போட்டேன். புள்ள ஒண்ணு தின்னுச்சு. ரெண்டாவது வேண்டாம்னுச்சு. வேண்டாம்னா இவன் என்ன நினைப்பான்? மேசைக்கு அடியில தொடையில லேசா ஒரு கிள்ளு கிள்ளுனேன், சாப்பிடுட்டின்னு. அழுதுக்கிட்டே தின்னுச்சு. இவன் சொல்லுதான், “பாருக்கா, எம்புட்டு மெலிஞ்சு போச்சு. எங்கிட்ட உக்காரவே பயந்து நடுங்குது.” எந்தப் பக்கம் போனாலும் கதவ அடைக்கான், எந்தப் பக்கம் போனாலும்!

இது சீதபற்பநல்லூர். இன்னும் நேரம் கெடக்கு. தண்ணி குடிக்கியளா? வேண்டாமா?

நல்லதச் சொன்னா இப்படித் தள்ளுதான்லா, கெட்டதச் சொன்னா என்ன செய்தான்னு கேளுங்க. ஒரு நா சாயங்காலம் ஒரு குடிகாரப்பய கடை முன்னால ஆடிக்கிட்டே போனான். போற போக்குல, “ஏ பல்லிக் கடை”ன்னு ஒரு சத்தம். அவனுக்கு நிக்கவே தெரியல, வேட்டி எங்க கெடக்குன்னு தெரியல. அவன் சொன்னது மட்டும் எந் தம்பிக்கு வேதவாக்கு! அதுக்குத் தேதி பாக்கல, சீல் பாக்கல. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்கல. கையில இருந்த மாவை அப்படியே போட்டுட்டுப் போய் பின்னால உக்காந்துட்டான். நூறு பேரு நல்லாருக்குன்னு சொன்னது வாசல்ல நிக்குது, ஒரு குடிகாரன் சொன்னது நடுவீட்டுல போய்ப் பாய விரிச்சுப் படுத்திருக்கு.

குடிகாரன என்ன செஞ்சேன்னா? பொடதில ஒண்ணு வச்சேன், ஓடைக்குள்ள போய் விழுந்தான். தோள்பட்டை இறங்கிப் போச்சுன்னாவ. இப்பம் என்னையக் கண்டா ரோட்ட மாத்திப் போறான்.

பெறவு நான் ஒரு முடிவு பண்ணேன். எவனும் இனி கெட்ட சொல்லு சொல்லப்படாது. நல்ல சொல்லு மட்டும் தான் அவன் காதுல விழணும். நாலு மாசம், ஆறு மாசம், விழுந்துக்கிட்டே இருந்தா ஒரு நா ஏறாதா? கல்லுல தண்ணி விழுந்தாக்கூடத் தடம் விழுதே. கடைக்கு வாரவன்கிட்ட எல்லாம் சட்டுவத்தோட போய் நிப்பேன். “எப்படி இருக்கு? சத்தமாச் சொல்லு, அவனுக்குக் கேக்கட்டும்.” எல்லாரும் சொன்னானுவ. “பிரமாதம் மாஸ்டர்!” “தேவாமிர்தம் மாஸ்டர்!” ஒருத்தன் எதுவும் பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சான், தோளப் பிடிச்சு உக்கார வச்சேன். சொல்லிட்டுத்தான் போனான். சில பேரு கடையக் கண்டதும் சைக்கிளத் திருப்புவான். நான் ரோட்டுல இறங்கி ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிடுவேன். யாவாரம் ஒண்ணும் குறையல.

இந்தச் சவத்துப்பயலுக்கு அதுவும் ஏறல. ஒரு நா சொல்லுதான், “வாய நம்ப மாட்டேன்க்கா. இலைய நம்புதேன்.”

உங்களுக்குத் தெரியும்லா, நம்ம பக்கம் தட்டுல வாழை இலைய வெட்டிப் போட்டுத்தான் புரோட்டா. ருசியா இருந்தா இலையில சால்னாச் சொட்டு நிக்காது, வழிச்சு நக்கிருவான். ருசியில்லன்னா மடிச்சு உள்ள ஒளிச்சுட்டுப் போயிருவான். நல்ல மாஸ்டர் எச்சி இலையத்தான் பாப்பான். இவன் என்ன செய்தான், குப்பைத் தொட்டிகிட்டப் போய் உக்காந்து, விழுற இலைய எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கான். மாஸ்டர் செய்யுற வேலையா அது?

சரி, இலைதான வேணும்? நான் இலைய எடுத்துக்கிட்டேன். ஒருத்தன் இலையில ஒரு துண்டு மிச்சம் இருக்கப்படாது. மிச்சம் வச்சவனை எந்திரிக்க விடல. ஒரு கல்லூரிப் பய, “வயிறு ரொம்பிட்டு அத்தை”ன்னான். சட்டுவத்தத் தலைக்கு மேல ஓங்கி மேசையில ஒரு அடி. டம்ளர் எல்லாம் பறந்துச்சு. தின்னான். பத்து நாளு, குப்பைத் தொட்டில விழுந்த இலை அம்புட்டும் கழுவி விட்ட மாதிரி பளபளன்னு. இவனும் பிரிச்சுப் பாத்துட்டுக் கல்லுக்கு வருவான். பதினோராம் நாளு அவனா ரெண்டு புரோட்டா எடுத்துத் தின்னான் தங்கச்சி. நான் பாத்திரம் கழுவுற இடத்துல திரும்பி நின்னு அழுதேன். ஏறிட்டு, ஏறிட்டுன்னு.

மறுநாதான் அது நடந்துச்சு.

கோயில்பிச்சைன்னு ஒரு ஆளு, போஸ்ட்மேனா இருந்து ரிடையர் ஆனவரு. இருபது வருசமா சாயங்காலம் மூணு புரோட்டா, நம்ம கடைலதான். அன்னைக்கும் தின்னாரு, இலை பளபளன்னு, “பிரமாதம் மாஸ்டர்”னாரு, எந்திரிச்சுப் போனாரு. கொஞ்ச நேரத்துல எந் தம்பி பின்பக்கம் போனான். கூப்பிட்டான், “அக்கா, இங்க வா.” போய்ப் பாத்தா, வேலி ஓரத்துல ஒரு முழுப் புரோட்டா. பக்கத்துல நேத்து போட்டது ஒண்ணு, எறும்பு மொய்ச்சுக்கிட்டு. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, எட்டு ஒம்பது கெடக்கு. ஒரு நாயி வந்து மோந்து பாத்துட்டுப் போகுது. இவன் மெதுவாச் சொல்லுதான், “நாயிகூடத் திங்கலக்கா.”

நாயி மேல கல்ல விட்டெறிஞ்சேன், வீல்னு ஓடுச்சு. முன்னால ஓடுனேன். கோயில்பிச்சை ரோட்டைத் தாண்டிப் போயிட்டு இருக்காரு. வேட்டி மடிப்புல எண்ணெய். உள் டவுசர் பாக்கெட்டு முழுக்க எண்ணெய். எனக்குக் கண்ணு இருட்டிட்டு. ஏ யம்மா, எப்படி அடிச்சேன்னு எனக்கே தெரியல. வாயில வச்சு ஒரு குத்து, அதுதான் இந்தத் தடம். ரெண்டு பல்லு எங்கையோட வந்துட்டு. விழுந்தவரைத் தூக்கி நிப்பாட்டி வயித்துல குத்துனேன். ஸ்டூலத் தூக்கிட்டேன். “சொல்லுவே, ஏன் தூக்கிப் போட்ட, எந் தம்பி விஷமா வச்சான்?” ரத்தத்தத் துப்பிக்கிட்டே அந்த மனுசன், “சுகரு ஆவுடை, சுகரு”ங்காரு. டாக்டரு ரெண்டுக்கு மேல திங்காதன்னு சொல்லியிருக்காரு. மூணாவது வேண்டாம்னாலும், இலையில மிச்சம் வச்சாலும் நான் விட மாட்டேன். அதான் டவுசருக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போய் வேலியில போட்டிருக்காரு. மத்ததும் அப்படித்தான், அந்தக் கல்லூரிப்பய, இன்னொருத்தன், எல்லாம் வயிறு ரொம்புனவனுவ. பத்து நாளும் ருசியாத்தான் இருந்திருக்கு தங்கச்சி! வயிறுதான் பத்தல!

வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்லா, மூதேவிய? ஏன் சொல்லல?

நான் ரோட்டுல நின்னு இத எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன், என்னமோ தீயுத நாத்தம். கல்லுல புரோட்டா தீயுதுன்னு நினைச்சேன். ஏலே, கல்லப் பாருடான்னு திரும்பாமலே சத்தம் போட்டேன். நாத்தம் நிக்கல. அப்பந்தான் திரும்புனேன். கல்லு முன்னால நிக்கான். வலது கைய விரிச்சு, கல்லு மேல வச்சு, அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். கத்தல. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. நான் பாஞ்சு இழுத்தேன். இழுத்துட்டு என்ன செஞ்சேன் தெரியுமா? செவுட்டுல ஓங்கி ஒண்ணு விட்டேன். கை வெந்து போய் நிக்கவன அடிச்சேன் தங்கச்சி. எனக்கு வேற எதுவும் தெரியல. அடிச்சுட்டு, கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்து ஓலம் போட்டேன். நான் மட்டும் அந்தக் கோயில்பிச்சைய விட்டுட்டு ஒரு நிமிசம் முந்தித் திரும்பியிருந்தா...

விடுங்க. அழல, கண்ணுல தூசி.

கோயில்பிச்சை கேசு குடுக்கல. நல்ல மனுசன். அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, பொக்கை வாயோட, “மாஸ்டர், சுகருப்பா, உன் புரோட்டாவுல குறையே இல்ல”ன்னு எந் தம்பிகிட்டச் சொன்னாரு. இவன் அவரு வாயவே பாத்துக்கிட்டு இருந்தான். “அடி வாங்குனவரு வேற என்ன சொல்லுவாரு”ன்னான்.

கை ஆறுறதுக்கு மூணு மாசம் ஆச்சு. கைக்கு வைத்தியம் பாத்தவங்க, மனசு டாக்டரம்மா ஒருத்தர்கிட்ட அனுப்புனாவ, பாளையங்கோட்டையில. சின்ன வயசு, உங்க வயசுதான் இருக்கும். மாத்திரை வாங்கிட்டு இப்பம் அங்கன இருந்துதான் வாரேன். மொத நாளு அந்தம்மா சொல்லுது, “அம்மா, இது நோய். திமிரு இல்ல. நல்லது வந்தா அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெளிய தள்ளிருவாரு. கெட்டது வந்தா காரணமே கேக்க மாட்டாரு. மாத்திரை மெதுவாத்தான் வேலை செய்யும். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நல்லதச் சொல்லச் சொல்லி யாரையும் பிடிச்சு இழுக்காதீங்க. உங்களுக்குப் பயந்து சொல்லுறாங்கன்னு அவருக்குத் தெரியும்ல?”

எனக்கு வந்துச்சே கோவம். மேசையில ஒரு அடி, அந்தம்மா பேனா எகிறிப் போச்சு. யாரு பயப்படுதா? எவன் எனக்குப் பயப்படுதான், சொல்லச் சொல்லு பாப்போம்! ஒரு ஆளு சொல்ல மாட்டான். அங்கன நின்ன நர்ஸ்கிட்டக் கேட்டேன், “நீ சொல்லு, எனக்குப் பயமா?” இல்லக்கான்னுச்சு. பின்ன?

ஆனா மாத்திரைய நேரத்துக்குக் குடுக்கேன். அதுல குறை வைக்க மாட்டேன்.

போன மாசம் ஒரு கூத்து. நான் வெளிய போயிட்டு வாரேன், இவனா எந்திரிச்சு, இடது கையால ரசம் வச்சிருக்கான். வீட்டுக்கு. யாரும் சொல்லல. நானோ ரேஷன் கடையில ஒருத்திகூட மல்லுக்கட்டிட்டு வாரேன், தலை கொதிக்குது. சோத்துல ஊத்தி ஒரு வாய் வச்சேன், யோசிக்காமச் சொல்லிட்டேன், “சவத்து ரசம், உப்பே இல்ல.” சொல்லிட்டு நாக்கக் கடிச்சேன். போச்சு, செத்தோம்னு நினைச்சேன். இவன் எந்திரிச்சான். உப்பு எடுத்துப் போட்டான். கலக்குனான். “இப்பம்?”ன்னான். வாயில வச்சுப் பாத்தேன். “இப்பம் சரி”ன்னேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். பெறவு தட்ட எடுத்து வச்சு உக்காந்தான். ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னான் தங்கச்சி. ரெண்டு தடவை! வைகாசிக்கு அப்புறம் அன்னைக்குத்தான்.

எனக்கு மனசே ஆறல. நோயாளிகிட்டப் போய் உப்பில்லன்னு சொல்லிட்டோமேன்னு. சாயங்காலம் வரைக்கும் பத்து தடவை சொன்னேன், “எலே, அது சும்மா சொன்னேன், உன் ரசம் மாதிரி உலகத்துலயே இல்ல, அமிர்தம்டா.” அவன் மூஞ்சி பழையபடி ஆயிட்டு. மறுநா சமைக்கல. என்ன நோயோ, எப்பம் என்ன செய்யும்னு ஒண்ணும் விளங்க மாட்டேங்குது.

மாறாந்தை தாண்டிட்டா? அடுத்து ஆலங்குளம். அதுக்கு அடுத்து நாம.

இன்னைக்குக் காலையில நான் கிளம்பும்போது அவனாக் கூப்பிட்டான். “அக்கா, இன்னைக்கு நான் கல்லுக்குப் போறேன்.” வாசல்ல இருந்து திரும்பி ஓடியாந்தேன். “ஆனா ஒரே ஒரு ஆளுக்குத்தான் போடுவேன். உன்னையத் தெரியாத ஆளு ஒருத்தரக் கூட்டிட்டு வா. உம் பேரு, உன் கை, எதுவும் தெரியாத ஆளு. அவங்க தின்னுட்டு என்ன சொன்னாலும் நான் எடுத்துக்கிடுதேன். நல்லதுன்னாலும் எடுத்துக்கிடுதேன். நல்லால்லன்னா, அதோட என்னைய விட்டுரு. அதுக்கு மேல என்னைய எழுப்பாத.”

எழுப்பாதன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. உங்களுக்கும் தெரியும். டாக்டரம்மாகிட்ட இன்னைக்குச் சொன்னேன். நாளைக்கே அவரக் கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் ஒரு நிமிசம் தனியா விடாதீங்கன்னுச்சு. அவன் பக்கத்துல இப்பம் யாரு இருக்கா தெரியுமா? கோயில்பிச்சைதான். வேற யாரு எங்க வீட்டுக்கு வாரா.

எங்க ஊருல என்னையத் தெரியாத ஆளுக்கு எங்க போவேன்? ஆலங்குளத்துலயே தெரியும். நாம ஏறுன பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் நின்னு மூஞ்சி மூஞ்சியாப் பாத்தேன். ஒருத்தன் என்னையக் கண்டதும் வேற பஸ்ல ஏறிட்டான். அப்பந்தான் நீங்க இந்தப் பையோட வந்து உக்காந்திய. யாருன்னு தெரியல, ஊரு தெரியல, சிரிச்சிய வேற. எனக்குச் சாமியே வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.

இந்தா ஆலங்குளமும் போயிட்டு. கண்டக்டர், மூணுபனை விலக்கு ரெண்டு பேரு இறங்கணும்! ஆமாப்பா, இவங்களும்தான். தென்காசிக்கு டிக்கெட்டுன்னா உனக்கு என்ன வலிக்குது? விசில ஊதுவே, இல்ல கழுத்தோட பிடுங்குவேன்!

எந்திரிங்க தங்கச்சி. பை எங்கிட்டதான் இருக்கு, பயப்படாதிய. அடுத்த பஸ் இருபது நிமிசத்துல வந்துரும். ரெண்டே ரெண்டு புரோட்டா. ரெண்டுக்கு மேல கேக்க மாட்டேன், வயிறு ரொம்பிட்டுன்னா ஒண்ணரை போதும். நான் சட்டுவத்தத் தொட மாட்டேன். தூரமா நிப்பேன், கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். எப்படி இருக்குன்னு அவனே கேப்பான். உண்மையச் சொல்லுங்க. உண்மையத்தான் சொல்லணும். நல்லாருக்குன்னு சொல்லுங்க.

அதுக்கு முந்தி இன்னொண்ணு கேப்பான். எங்க அக்காவத் தெரியுமான்னு கேப்பான். தெரியாதுன்னு சொல்லணும். யாருன்னே தெரியாது, பஸ்ல பக்கத்துல உக்காந்தாவ, ஒரு வார்த்தை பேசலன்னு சொல்லணும். கண்ணப் பாத்துச் சொல்லணும், அவன் கண்ணத்தான் பாப்பான்.

எங்க, இறங்குறதுக்குள்ள எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க.

இல்ல, அப்படி இல்ல தங்கச்சி. குரல் நடுங்காமச் சொல்லுங்க.